ஆறு வீட்டுக்கு ஒரே மெயில் பெட்டி

பிறர் கொடுக்கும் பட்டம் என்றாவது ஒருநாள் மறந்துபோகும். தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பட்டத்தை ஊரே சேர்ந்து மறக்கவிடாது. பத்தொன்பது வயதில் நான் எனக்கு ‘கம்ப்யூட்டர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டேன். ஆறு மாத கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து நாலரை மாதம் போயிருந்தேன். மீதி ஒன்றரை மாதம் அவர்கள் எனக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். (அந்த ஒன்றரை மாதத்தில்தான் மெயில் பற்றிய பாடம் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.)

கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முந்தைய போர்ட் பிளேர் அது. எங்கள் இணையம் ஆகாயத்துக்குப் போய் செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். மழை பெய்தால் வராது. மழை பெய்யப் போகிறது என்று யாராவது சொன்னாலும் வராது. மெயில் பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அம்மா உலை வைத்து, சோறு வடித்து, குழம்பைத் தாளித்துவிட்டு வந்தால் பக்கத்தின் மேல்பாதி தெரியும். கீழ்ப்பாதியைப் பார்க்க வேண்டுமென்றால் அப்பளமும் பொரித்தாக வேண்டும்.

இது போதாதென்று இன்னொரு தொல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமோ ஆபீஸ் பக்கமோ எதைத் திறந்தாலும் ‘எங்களுக்கு எழுத இங்கே அழுத்தவும்’ என்று நீல எழுத்தில் ஒரு லிங்க் இருக்கும். அழுத்தினால் நாம் வாழ்நாளில் பயன்படுத்தாத ஏதோ ஒரு மெயில் புரோகிராம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, “வருக! முதலில் உங்கள் விவரங்களைச் சொல்லுங்கள்” என்று பன்னிரண்டு கேள்வி கேட்கும். நாலாவது கேள்வியிலேயே ஜனங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மரைன் ஹில்லில் எங்கள் வரிசையில் ஆறு வீடு, ஆறிலும் கம்ப்யூட்டர் இருந்தது, ஆறிலும் இதே கதைதான்.

இதற்கு நான் விடை கண்டுபிடித்தேன். லிங்க்கை அழுத்தினால் எந்த புரோகிராம் திறக்க வேண்டும் என்று பிரவுசரின் செட்டிங்ஸில் நாமே சொல்லிவிடலாம்! எடை குறைந்த ஒரு மெயில் புரோகிராமை இறக்கி, இனிமேல் எந்த லிங்க்கை அழுத்தினாலும் இதுவே திறக்கட்டும் என்று மாற்றி வைத்தேன். இதில் நெட் இல்லாதபோதே கடிதம் எழுதி வைக்கலாம். நெட் வந்ததும் அதுவே அனுப்பிவிடும், வந்த கடிதங்களையும் இறக்கிக்கொள்ளும். முதல் தடவை லிங்க்கை அழுத்தி, கண்சிமிட்டும் நேரத்தில் வெள்ளைத் தாள் மாதிரி ஜன்னல் திறந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பா தூத்துக்குடிக்காரர், கப்பல் பட்டறையில் ஃபிட்டர். எதையும் திருகிப் பார்த்துத்தான் நம்புவார். நாலு தடவை தானே அழுத்திப் பார்த்துவிட்டு, “சரியாத்தாம்லே இருக்கு” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு பெரிய பாராட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த உற்சாகத்தில் வரிசை முழுவதற்கும் இந்த வசதியைச் செய்து தருவதென்று புறப்பட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்த புரோகிராம் இறங்கி முடிக்க ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அஞ்சு வீட்டுக்கும் அப்படி இறக்கினால் பொங்கலே வந்துவிடும். இங்கேதான் என் மேதைமை வேலை செய்தது. என் கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராமை ஃபோல்டரோடு முழுசாக பென் டிரைவில் அள்ளிக்கொண்டேன். ஒவ்வொரு வீடாகப் போய் அப்படியே கொட்டினேன். பிறகு பிரவுசரில் ‘மெயில் லிங்க் என்றால் இதுதான்’ என்று மாற்றி வைத்தேன். வீட்டுக்கு ஏழு நிமிடம். அஞ்சு வீட்டிலும் டீ.

ஃபோல்டரை முழுசாக அள்ளியபோது உள்ளே என்னென்ன இருந்தது என்று ஒரு ஸ்பெஷலிஸ்ட் யோசித்திருக்க வேண்டும். என் மெயில் முகவரி இருந்தது. என் பாஸ்வேர்டு இருந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தானாகவே விழும்படி நான் எழுதி வைத்திருந்த ‘செந்தில்குமார், கம்ப்யூட்டர் ஸ்பெஷலிஸ்ட், மரைன் ஹில்’ என்ற கையெழுத்தும் இருந்தது.

ஆக, அன்றிலிருந்து மரைன் ஹில்லில் எங்கள் வரிசையில் யார் எந்த லிங்க்கை அழுத்திக் கடிதம் போட்டாலும் அது என் பெயரில் போனது. இது பாதிதான். அவர்களுக்கு வரும் பதில்கள் எல்லாம் என் பெட்டிக்கு வந்தன. அந்தப் பெட்டிக்கு ஆறு வீட்டிலும் ஆறு சாவி. மெயிலை இறக்கியதும் மெயில் கம்பெனியின் சர்வரில் இருப்பதை அழித்துவிடு என்று வேறு நான் டிக் போட்டு வைத்திருந்தேன். (இடம் அடைக்கக்கூடாதாம்.) அதனால் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் முதலில் நெட்டைப் பிடிக்கிறதோ அந்த வீட்டுக்குக் கடிதம் போய் உட்கார்ந்துவிடும். மற்ற அஞ்சு வீட்டிலும் அது வந்த சுவடே இருக்காது. நான் தூங்கி எழுந்து திறப்பதற்குள் மற்றவர்கள் அள்ளியிருப்பார்கள், அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வேறு ஊராக இருந்தால் ஒரே நாளில் கூச்சல் கிளம்பியிருக்கும். எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியக் கரையிலிருந்து மெயின்லேண்ட் கப்பல் வந்தால் வரிசைக்கு வந்த கடிதங்களை எல்லாம் ஏதாவது ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்காரர் சாயங்காலம் நடக்கப் போகும்போது அந்தந்த வீட்டில் கொடுப்பார். தபால் என்றால் அடுத்த வீட்டு வழியாக வருவதுதான் என்று பழகிய ஜனங்கள். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது வீடு மண்டல் தாதா. படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற வங்காளி. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, வந்திருப்பதை வாசித்துவிட்டு, வேலி ஓரமாக நின்று குரல் கொடுப்பார். “மாஷ்டர்ஜி! உங்க கண் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்கு! மங்கள்வார் ஆனேகோ போலா!” கடைசி வீட்டு ஜார்ஜ் மாஷ், ஓய்வு பெற்ற மலையாளி வாத்தியார், செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போய் கண்ணைக் காட்டிவிட்டு வருவார். வழியில் என்னைப் பார்த்தால், “நல்ல வசதி பண்ணித் தந்து மோனே” என்பார். நானும் அடக்கமாகச் சிரிப்பேன். எந்த வசதியைச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. பாராட்டுக்கு விளக்கம் கேட்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

இப்போது அக்காவைச் சொல்ல வேண்டும்.

என் அக்கா மலர்விழி என்னைவிட மூன்று வயது பெரியவள். பிஎஸ்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கப்பல் ஓட்ட வேண்டும். கப்பலில் போவது இல்லை, ஓட்டுவது. சின்ன வயதிலேயே குன்றின்மேல் நின்று துறைமுகத்துக்குள் வரும் கப்பலைப் பார்த்து, “பைலட் லேட்டா திருப்புறான்” என்று சொல்கிற ஆள். (நான் அந்த வயதில் அதே கப்பலுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தேன்.) மெயின்லேண்டில் ஒரு கப்பல் பயிற்சி நிலையம் டெக் கேடட் ஆக ஆள் எடுக்கிறது என்று விளம்பரம் வந்தது. அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. விட்டால் அடுத்த தடவை என்பதே கிடையாது. அம்மா கொஞ்சம் அழுதாள். அப்பா, “நான் முப்பது வருசமா கப்பலுக்கு அடியில படுத்துக் கெடக்கேன். எம் புள்ள மேல நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

விண்ணப்பத்தை அந்த நிலையத்தின் இணையப் பக்கத்தில் இருந்த லிங்க்கை அழுத்தி மெயிலில் அனுப்ப வேண்டும். நம்முடைய துறை அல்லவா! அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். லிங்க்கை அழுத்தினாள். ஜன்னல் படக்கென்று திறந்தது. பார்த்தாயா என்பதுபோல் அவளைப் பார்த்தேன்.

“இது என் பேர்லதானடா போகும்? எனக்குன்னு தனியா மெயில் ஐடி இருக்கே, காலேஜ்ல ஆரம்பிச்சது” என்று கேட்டாள்.

“அதெல்லாம் அதுவே எடுத்துக்கும்கா.”

“எப்படி எடுத்துக்கும்?”

“செட்டிங்ஸ் அப்படி.”

இந்த ‘செட்டிங்ஸ் அப்படி’ என்கிற வார்த்தையைப்போல் வாயை அடைக்கிற வார்த்தை வேறு இல்லை. அக்கா சான்றிதழ்களை இணைத்தாள், சாமி படத்தைப் பார்த்தாள், அனுப்பினாள். நெட் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தது, போயே போய்விட்டது. அம்மா கேசரி கிண்டினாள். அதில் முதல் கரண்டி எனக்கு வந்தது.

பத்து நாள் ஆயிற்று. பதில் இல்லை. அக்கா தினமும் காலையில், “வந்துச்சாடா?” என்பாள். நான் பெட்டியைத் திறந்து பார்த்து, “வந்தா இங்கதானே இருக்கும்” என்பேன். அவள் தன் காலேஜ் மெயிலையும் அப்பளம் பொரிக்கும் நேரம்வரை காத்திருந்து திறந்து பார்ப்பாள். அங்கேயும் இல்லை.

அந்த நாட்களில் ஜார்ஜ் மாஷின் நடவடிக்கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. என்னை வழியில் பார்த்தால் நின்று, தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒருநாள் கையில் ஒரு துண்டு இஞ்சியைத் திணித்து, “வயிற்றைப் பிரட்டும்போள் இதை வாயில இட்டுக்கோ. யாருக்கும் சொல்லண்டா” என்றார். மாஷுக்கு வயதாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு இஞ்சியை அம்மாவிடம் கொடுத்தேன். அன்றைக்கு அது துவையலாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. நல்ல மழை. பொறுக்க முடியாமல் அக்கா அப்பாவின் போனில் பயிற்சி நிலையத்துக்கே கூப்பிட்டுவிட்டாள். நான் பக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் முகம் மாறுவதைப் பார்த்து அடுத்த தோசையை வேண்டாம் என்று சொன்னேன். அப்படி ஒரு சம்பவம் எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததில்லை.

அந்த ஆபீஸ் அம்மாள் சொன்னது இதுதான். பதில் போய் எட்டு நாள் ஆகிறது. விண்ணப்பத்தில் பெயர் மலர்விழி, வந்த முகவரியோ செந்தில்குமார், கம்ப்யூட்டர் ஸ்பெஷலிஸ்ட். இரண்டு பேரில் கப்பலில் சேரப்போவது யார்? விண்ணப்பதாரர் தன்னுடைய சொந்த முகவரியிலிருந்து, அந்தக் கடிதத்தில் இருக்கும் அழைப்பு எண்ணைக் குறிப்பிட்டு, உறுதி செய்ய வேண்டும். எண்ணை போனில் சொல்லக்கூடாது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு இன்டர்வியூ பட்டியலை மூடுகிறோம்.

அக்கா போனை வைத்தாள்.

“உன் பேர்ல எப்படிடா போச்சு?”

“செட்டிங்ஸ்…” என்று ஆரம்பித்தேன்.

“இந்த புரோகிராமை வேற எங்கெல்லாம் வெச்சிருக்க?”

“நம்ம வரிசைல எல்லா வீட்லயும்கா. என் ஃபோல்டரை அப்படியே…” ஆறு சாவியும் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தன.

அக்கா குடையை எடுத்தாள். “குடை ஒண்ணுதான் இருக்கு. நீ நனைஞ்சுட்டு வா” என்றாள்.

அடுத்த வீடு, இல்லை. அதற்கடுத்த வீடு மண்டல் தாதா. “அரே ஆவோ ஆவோ! மலர் பேட்டி, சாய் பியேகா?” என்று நாற்காலியைத் துடைத்தார். (பேட்டி என்றால் இந்தியில் மகள்.) அவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் வரிசையின் வரலாறே அதில் இருந்தது. யாருக்குக் கண்ணில் புரை, யார் பிள்ளைக்கு எந்த காலேஜில் இடம் இல்லை, யார் கட்டில் வாங்க விசாரித்தார்கள், எல்லாம் இருந்தது. எல்லாக் கடிதமும் ‘அன்புள்ள செந்தில்குமார் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தது. மெயின்லேண்டைப் பொறுத்தவரை நான் ஒரு கண் தெரியாத, எஞ்சின் கெட்டுப்போன, கட்டில் இல்லாத, மூன்று பிள்ளை பெற்ற கம்ப்யூட்டர் ஸ்பெஷலிஸ்ட்.

“ஜஹாஜ்காரன் லெட்டரா? நஹி பேட்டி, என் கிட்ட வரல. வந்தா நான் வேலிலேர்ந்து கத்தியிருப்பேனே” என்றார் தாதா. உண்மைதான், கத்தியிருப்பார். அக்கா டீயை மறுத்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த இரண்டு வீட்டிலும் இல்லை. மணி பத்தே கால். கடைசி வீடு ஜார்ஜ் மாஷ்.

மாஷ் எங்களைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா விஷயத்தைக் கேட்டதும், “கப்பல் காரியமோ? எனக்கு ஒண்ணும் அறியில்ல மோளே” என்று சொல்லிவிட்டு, அவள் குடையை மடக்கத் திரும்பிய நேரத்தில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அக்கா மடக்கிய குடையோடு நின்றாள். “மாஷ், எதுக்கு அவனைப் பாத்து கண்ணடிக்கிறீங்க?”

மாஷ் வாத்தியாராக நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவர். தானே பொய் சொல்லிப் பழக்கமில்லை. முகம் சிவந்துவிட்டது. என்னிடம் திரும்பி, “சொல்லட்டே மோனே?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

“உன் தம்பி வீட்டுக்குத் தெரியாம கப்பல்ல சேரப் போறான். கடிதம் இவன் பேருக்கு வந்து. அடுத்தவன் கடிதம், நான் முழுசா வாயிக்கல. மேல கண்டது இவ்வளவுதான். ஒரு பையன் ஜீவிதத்தில ஆத்யமா, முதல் தடவையா, ஒரு நல்ல காரியம் செய்யுது, அதை நான் எதுக்குக் காட்டிக் கொடுக்கணும்? யாரும் காணாம ஒரு தனி ஃபோல்டர்ல பத்திரமா வெச்சிருக்கேன்” என்றார்.

கப்பல் குமட்டலுக்கு அவர் தந்த இஞ்சித் துண்டின் ரகசியம் எனக்கு விளங்கியது. அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “மாஷ், அது என் லெட்டர். சேரப் போறது நான்” என்றாள்.

மாஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அதானே! எனக்கும் ஒரு சந்தேகம் இருந்து” என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் இருந்த நிம்மதியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடிதம் கிடைத்தது, எண்ணும் கிடைத்தது. அதிலேயே ‘உறுதி செய்ய இங்கே அழுத்தவும்’ என்று லிங்க் இருந்தது. அக்கா அழுத்தினாள். ஜன்னல் படக்கென்று திறந்தது. அடியில் ‘செந்தில்குமார், கம்ப்யூட்டர் ஸ்பெஷலிஸ்ட்’.

“நான் மாத்தித் தரேன்கா” என்று கையை நீட்டினேன்.

“நீ அந்தச் சுவர்கிட்ட போய் நில்லு” என்றாள்.

போய் நின்றேன். மாஷ் எனக்குத் தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார். அங்கிருந்து பார்த்தேன். என் அக்கா அந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். நான் அப்படி ஒன்றைச் செய்ததே இல்லை. எனக்கு எல்லா இடத்திலும் ‘ஓகே’ மட்டும்தான் கண்ணில் படும். அவளுக்கு அந்த புரோகிராம் அதற்கு முன் பழக்கமே கிடையாது. என் கணக்கை நீக்கினாள். தன் காலேஜ் முகவரியைப் போட்டாள். பிழை வந்தது. பிழை என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படித்தாள், ஓரிடத்தில் திருத்தினாள், மறுபடி போட்டாள். மணி பதினொன்று இருபது. இவள் என் அக்கா என்று மழையில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல வேண்டும்போல் எனக்கு இருந்தது. ஆனால் சுவரோரம் நிற்கச் சொல்லியிருந்ததால் நின்றேன்.

மறுபடி லிங்க்கை அழுத்தினாள். இந்தத் தடவை மேலே அவள் பெயர். நாலு வரி எழுதினாள். அதில் மூன்றாவது வரி: ‘கம்ப்யூட்டர் ஸ்பெஷலிஸ்ட் என்பவர் என் தம்பி. அவர் விண்ணப்பதாரர் அல்ல. அவர் கம்ப்யூட்டரிலிருந்து அகற்றப்பட்டுவிட்டார்.’

அனுப்பு என்று அழுத்தினாள். பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்றது. வெளியே மழை வலுத்தது. பதினொன்றே முக்கால் வரை கோடு அசையவில்லை.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். “வரிசைல எல்லாரும் நெட்டை நிறுத்தினா இங்க கொஞ்சம் கூடுதலா வருமாடா?”

வருமா என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதன்முதலாக, “தெரியலைக்கா” என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஓடினேன். கொட்டுகிற மழையில் வீடு வீடாக, “நெட் பந்த் கரோ! நெட்டை நிறுத்துங்க! அக்கா லெட்டர் போகணும்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மண்டல் தாதா கம்ப்யூட்டரை அணைக்கப் பொறுமையில்லாமல் சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிட்டு, தன் பங்குக்கு வேலியோரம் நின்று அடுத்த வீட்டுக்குக் கத்தினார். எங்கள் வீட்டில் அம்மா நெட்டை நிறுத்தினால் போதாது என்று மெயினையே ஆஃப் செய்துவிட்டாள். ஃப்ரிட்ஜும் நின்றது.

மூச்சு வாங்க மாஷ் வீட்டுக்குத் திரும்பியபோது பதினொன்று ஐம்பத்து நாலு. பச்சைக் கோடு மறுமுனையைத் தொட்டிருந்தது. ‘அனுப்பப்பட்டது.’ மாஷ் அக்காவின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

அஞ்சு வீட்டு நெட்டை நிறுத்தியதால்தான் அது போயிற்று என்பது இன்றும் மரைன் ஹில்லின் உறுதியான நம்பிக்கை. அதனால் பெரிதாக எந்த வித்தியாசமும் வந்திருக்காது, மேகம் விலகியிருக்கும், அவ்வளவுதான் என்று பின்னால் ஒழுங்காகப் படித்தபோது தெரிந்துகொண்டேன். இதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதும் அங்கே போகக்கூடாது.

அன்று மத்தியானமே பென் டிரைவோடு அஞ்சு வீட்டுக்கும் திரும்பப் போய், என் கணக்கை எடுத்துவிட்டு அவரவர் முகவரியைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் லிங்க்கை அழுத்தச் சொல்லி, மேலே யார் பெயர் வருகிறது என்று என்னை உரக்கப் படிக்க வைத்தாள். மண்டல் தாதாவுக்கு மட்டும் வருத்தம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் அவருக்கு வந்தது மட்டும்தான் இருந்ததாம், அதுவும் ஒன்றே ஒன்று.

இரண்டு வாரம் கழித்து அக்கா கப்பலேறி இன்டர்வியூவுக்குப் போனாள். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். கடல், திசை, கணக்கு என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “கப்பலில் எந்த நேரமும் எமர்ஜென்சி வரலாம். அப்படி எதையாவது சமாளித்த அனுபவம் உனக்கு உண்டா?”

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “உண்டு சார். எனக்கு ஒரு தம்பி இருக்கான்” என்றாள்.

மூன்று பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அந்த வெள்ளிக்கிழமையை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று ஐம்பத்து நாலு வரை அவள் நிமிடக் கணக்கில் சொல்லியிருக்கிறாள். முதலில் போன், பிறகு வீடுகளை வரிசைப்படி தேடியது, கடைசியில் வரிசை முழுக்க நெட்டை நிறுத்த வைத்தது. கேப்டன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவள் பெயருக்கு எதிரே ஏதோ எழுதினாராம். அவள் தேர்வானாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயர் எமர்ஜென்சி. யாராவது, “அனுப்பிட்டேன்” என்று சொன்னால் அம்மா, “எந்த வீட்டுக்கு?” என்று கேட்காமல் விடுவதில்லை. நான் இப்போது ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். மெயில் பாடத்துக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஏன் சார் இவ்வளவு நாள் என்று பிள்ளைகள் கேட்டால், அனுபவம் என்று மட்டும் சொல்வேன்.

போன வருஷம் அக்கா எங்கள் ஊருக்கு வரும் மெயின்லேண்ட் கப்பலிலேயே செகண்ட் ஆபீசராக வந்தாள். ஹாடோ ஜெட்டிக்கு, கப்பல் அணையும் துறைக்கு, வரிசையே திரண்டு போனோம். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கப்பலின் பக்கவாட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அடியில் படுத்தே பார்த்த கப்பலை நிமிர்ந்து பார்ப்பது அவருக்குப் புதிது. மேலே வெள்ளைச் சீருடையில் அக்கா கையசைத்தாள். மாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டல் தாதா, “வோ ஹமாரா பேட்டி ஹே! நம்ம பொண்ணு!” என்று கூலிக்காரர்களிடம் எல்லாம் கத்திக்கொண்டிருந்தார்.

படிக்கட்டு இறங்கியதும் முதலில் வந்தது அவள் கேப்டன், தாடி வைத்த உயரமான வடநாட்டுக்காரர், அவர் பின்னால் அக்கா. அக்கா என்னைக் கைகாட்ட, கேப்டன் நேராக என்னிடம் வந்து நின்றார். மேலும் கீழும் பார்த்தார். கையை நீட்டினார்.

“அச்சா! தோ ஆப் ஹீ வோ எமர்ஜென்சி ஹைன்?” அந்த எமர்ஜென்சி நீங்கள்தானா என்று கேட்டார்.

பக்கத்தில் அப்பா, அம்மா, அக்கா, வரிசை முழுக்க நின்றுகொண்டிருந்தது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

“ஜீ சார். மைன் ஹீ.”